வெள்ளி இரவும் வழக்குமூலமும்

2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் பதினைந்தாம் நாள், செவ்வாய்க்கிழமை. விடியும்போதே வானம் மூடியிருந்தது, மழையோ பெய்யவில்லை. கடற்காற்றும் வரவில்லை. தொழிற்பேட்டையின் புகை மேலெழும்ப வழியின்றிக் கும்மிடிப்பூண்டியின் கூரைகள்மீது படுத்துக் கிடந்தது. காலை ஆறு மணிக்கே என் முந்தானை வியர்வையில் நனைந்திருந்தது.

என் பெயர் பீவி ஜான். வயது ஐம்பத்து நான்கு. கும்மிடிப்பூண்டியில் வரிசையாக மூன்று அறைகள் உள்ள ஒரு வீட்டில் வசிக்கிறேன். முன்னறையில் நாஷ்டா கடை நடத்துகிறேன்; நடு அறையில் உறங்குகிறேன்; பின்னறை, என் தந்தை ஹாஜா மொய்தீன் அவர்கள் படுத்திருந்து உயிர்நீத்த அறை. அன்று முற்பகல் பொன்னேரி உரிமையியல் நீதிமன்றத்தில் இந்த வீட்டைக் குறித்த வாதம் நடைபெற இருந்தது. வழக்கைத் தொடுத்தவன் என் ஒரே தம்பி ஷேக் தாவூத். எனக்காக வாதிட இருந்தவள் நானே.

முதல் ஷிப்டுத் தொழிலாளர் இருவர் இட்லியும் வடகறியும் உண்டுகொண்டிருந்த வேளையில், தம்பியின் இருசக்கர வண்டி வாசலில் வந்து நின்றது. பழவேற்காட்டிலிருந்து மனைவி பர்ஹானாவையும் பின்னால் அமர்த்தி வந்திருந்தான். அவன் உள்ளே வந்து பெஞ்சில் அமர்ந்தான். அவள் வாசற்படியைத் தாண்டவில்லை.

"இன்னா லாத்தா, கோர்ட்டு நாள்ல கூட அடுப்ப பத்த வெச்சிட்ட?"

"ஷிப்டுக்கு வர்றவனுக்குக் கோர்ட்டு ஏது, வாய்தா ஏது? பசிக்குமில்ல."

"ரெண்டு இட்லி வையி. என் ஊட்ல நானே கேட்டு வாங்கித் துன்ற நெலம."

"எவன் ஊடுன்னு ஜட்ஜம்மா சொல்லட்டும். இட்லி வேணும்னா வரிசைல நில்லு."

உண்டுகொண்டிருந்தவர்களுள் ஒருவர் சிரித்துவிட்டுத் தட்டுக்குள் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார். தம்பியின் காதுமடல்கள் சிவந்தன. சிறுவயது முதலே அவனுக்குக் கோபம் காதில்தான் முதலில் ஏறும்.

"எழுத்துக் கூட்டிப் படிக்கக் கத்துக்கினு வக்கீலாயிட்டியா நீ? நீ எழுதினத என் வக்கீலு படிச்சிட்டு விழுந்து விழுந்து சிரிச்சாரு. ‘யாருப்பா இது, தமிழ்ப் பொஸ்தகத்துலர்ந்து பக்கம் பக்கமா கிழிச்சு ஒட்டினாப்ல இருக்குது’ன்றாரு."

"சிரிச்சி முடிச்சிட்டு இன்னா பதிலு எழுதினாரு? ஒரே பக்கம். நான் எழுதினது பதினாலு பக்கம்."

"பக்கத்த எடை போட்டா ஊடு குடுப்பாங்க?"

வாசலில் நின்ற பர்ஹானா பேசினாள். "லாத்தா, ஊர்ல தல காட்ட முடியல. பொம்பள தானே நின்னு வாதாடப் போறாளாமேன்னு ஜமாஅத்துல கேக்கறாங்க. மானம் போவுது."

"மானம் போவறதுன்னா, கூடப்பொறந்தவ மேல கேஸு போட்ட அன்னிக்கே போயிருக்கணும். இன்னிக்கு வரைக்கும் எங்க நின்னுக்கினு இருந்துச்சு?"

தம்பி எழுந்தான். "கடைசியா சொல்றேன் கேட்டுக்கோ. அந்த செவன் லெவன் பெட்டிஷன வாபஸ் வாங்கிக்கோ. நீ மவுத்தாவுற வரைக்கும் பின்னாடி ரூம்ல இருந்துக்கோ. எழுதியே குடுக்கறேன்."

"இருந்துக்கோன்னு சொல்ல நீ யாருடா?"

அவன் வெளியேறினான். பெஞ்சின்மேல் அவனுக்கென்று நான் வைத்த தட்டு, கை படாமல் கிடந்தது. ஆம், வைத்தேன். வரிசையில் நில் என்று சொல்லிக்கொண்டே வைத்தேன். அதனை எடுத்து அடுத்தவருக்குப் பரிமாறிவிட்டு நீதிமன்றத்திற்குப் புறப்பட ஆயத்தமானேன்.

இவ்விடத்தில் வழக்கின் வரலாற்றைச் சுருக்கமாக உரைப்பது முறையாகும்.

எங்கள் தந்தைக்கு நாங்கள் இருவரே மக்கள். தாயார் முன்பே காலமாகிவிட்டார். தந்தை தம் உடைமையைக் குறித்து எதுவும் செய்யாமல் மறைந்திருப்பாராயின், எங்கள் மார்க்கச் சட்டப்படி இந்த வீடு மூன்று பங்காகும்; இரண்டு பங்கு மகனுக்கு, ஒரு பங்கு மகளுக்கு. அந்த ஒரு பங்கையே நான் கோருகிறேன். தம்பியோ, தந்தை உயிரோடிருந்தபோதே வீடு முழுவதையும் தனக்கு வாய்மொழியாகத் தானம் கொடுத்துவிட்டார் என்று வழக்குத் தொடுத்தான். இத்தகைய தானத்தை ஹிபா என்போம். ஹிபா மெய்யானால் எனக்கு முன்னறையும் இல்லை, நடு அறையும் இல்லை, அடுப்பும் இல்லை, தெருதான்.

சனவரித் திங்களில் அழைப்பாணையும் வழக்குரையின் நகலும் என் கைக்கு வந்தன. வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டினேன். அவர் இரண்டு தாள்களைப் புரட்டிவிட்டு, "அண்ணந்தம்பி பிரச்சினைம்மா, பேசித் தீத்துக்குங்க" என்றார். நான் தம்பிக்கு லாத்தா, அதாவது அக்காள், என்பதைக்கூட அவர் கவனித்திருக்கவில்லை. ஆதலால் தாள்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

நான் நாற்பத்தொன்றாம் வயதில்தான் எழுத்துக் கற்றேன். தேவாலயத்தை ஒட்டிய அறையில் ஏஞ்சலின் என்னும் அம்மையார் நடத்திய மாலை வகுப்பில், அரிசி மூட்டைமேல் அமர்ந்து கற்றேன். ஐம்பதாம் வயதில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றேன். தாமதமாகக் கற்றவருக்கு ஒரு நன்மை உண்டு. எந்தச் சொல்லையும் அவர் பார்த்தவுடன் கடந்து செல்வதில்லை. வழக்குரையைப் பதினொரு முறை படித்தேன். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் தமிழாக்கத்தை வாங்கி அதனையும் படித்தேன். ஏழாம் கட்டளை, பதினோராம் விதியில் வந்து நின்றேன்.

அவ்விதி கூறுவது யாதெனில்: ஒருவர் பிறர்மீது வழக்குத் தொடுக்க அடிப்படையாக அமையும் நிகழ்வுகளுக்கு வழக்குமூலம் என்று பெயர். வழக்குரையில் எழுதியுள்ள அனைத்தும் உண்மை என்றே வைத்துக்கொண்டு படித்தாலும் அதில் வழக்குமூலம் தென்படவில்லையெனில், சாட்சி விசாரணைக்குச் செல்லாமலே நீதிமன்றம் அதனை நிராகரிக்கலாம். பிரதிவாதி என்ன சொல்கிறார் என்று பார்க்கக் கூடாது. வழக்குரையையும் அதனோடு இணைத்த ஆவணங்களையும் மட்டுமே பார்க்க வேண்டும். இதனை வழக்கறிஞர்கள் செவன் லெவன் என்று அழைக்கிறார்கள்.

தம்பியின் வழக்குரையில் இரண்டு குறைகளைக் கண்டேன்.

முதலாவது, ஆறாம் பத்தியில் இருந்தது. "17.06.2022 வெள்ளிக்கிழமை இரவு ஏழு மணியளவில் தந்தை வாதியின் கையைப் பற்றி, இந்த வீட்டை உனக்கே கொடுத்தேன் என்றார், வாதி ஏற்றுக்கொண்டார்" என்று எழுதப்பட்டிருந்தது. மூன்றாம் ஆவணமாகப் பள்ளிவாசலின் அடக்கச் சான்று இணைக்கப்பட்டிருந்தது. அதிலோ, "17.06.2022 வெள்ளி முற்பகல் பதினொரு மணிக்கு மவுத்து, அன்று மாலை ஐந்து மணிக்கு அடக்கம்" என்று இருந்தது. அதாவது, அடக்கமாகி இரண்டு மணி நேரம் கழித்துத் தந்தை தானம் செய்திருக்கிறார்!

படித்தபோது கைதட்டிச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றது. ஏனெனில் பிழை எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் வீடுகளில் நாள் என்பது சூரியன் மறையும்போதே பிறக்கிறது. வியாழக்கிழமை மஃரிபு பாங்கு ஒலித்தால் வெள்ளி தொடங்கிவிடும். அந்த இரவையே வெள்ளி இரவு என்போம். தம்பி தன் வழக்கறிஞரிடம் "வெள்ளி ராவு" என்று கூறியிருப்பான். அவரது அலுவலகத்தில் நாட்காட்டியைப் பார்த்து வெள்ளிக்கிழமையின் தேதியைத் தட்டச்சு செய்துவிட்டார்கள். தம்பி கையெழுத்திட்டுவிட்டான். பத்தாம் வகுப்புவரை பள்ளிக்குச் சென்றவன் அவன். ஆனால் படிக்காமல் கையெழுத்திடுவான்.

வாசகரிடம் எதனையும் மறைப்பது என் நோக்கமன்று. அந்த வியாழன் மாலையில் நான் நடு அறையில் மறுநாளைக்கு உளுந்து களைந்துகொண்டிருந்தேன். பின்னறையில் தந்தை, "தாவூது, இந்த ஊடு உனக்குத்தான்டா" என்று சொன்னது என் காதில் விழுந்தது. தம்பி "சரி வாப்பா" என்றான். பிறகு கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டுமென்று எழுந்து போய்விட்டான். தந்தை என்னை அழைத்துக் காப்பி கேட்டார். குடித்தார். என்னை வீட்டை விட்டுப் போ என்று சொல்லவில்லை. மறுநாள் முற்பகல் கண்மூடினார்.

இரண்டாவது குறை இதுவே. ஹிபாவுக்கு மூன்று உறுப்புகள் உண்டு. கொடுக்கிறேன் என்று உரைத்தல். பெற்றேன் என்று ஏற்றல். பொருளைக் கையில் ஒப்படைத்தல். மூன்றாவது இல்லையெனில் முதலிரண்டும் வெறும் பேச்சு. வழக்குரையில் மூன்றாவது எங்குமே இல்லை. மாறாக, ஏழாம் பத்தியில், "வாதி அன்றிரவே பழவேற்காட்டிலுள்ள தம் இல்லம் திரும்பினார். பிரதிவாதி முன்போலவே அவ்வீட்டில் இருந்துவர வாதி பெருந்தன்மையுடன் அனுமதித்தார்" என்று இருந்தது. பெருந்தன்மை என்னும் அச்சொல்லின் கீழ் சிவப்பு மையால் இரண்டு கோடுகள் இட்டேன். பிறகு, வழக்குரையை நிராகரிக்கக் கோரிப் பதினான்கு பக்கங்களில் மனு எழுதி நீதிமன்றத்தில் கொடுத்தேன்.

பொன்னேரி நீதிமன்றத்தில் அழைப்பாளர் என் பெயரைக் கூவி அழைத்தபோது பகல் பன்னிரண்டு மணி. மின்விசிறிகள் சுழன்றனவேயன்றிக் காற்று நகரவில்லை. நீதிபதி நடுவயதுப் பெண்மணி. என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"வக்கீல் வெச்சுக்கலையாம்மா?"

"இல்லை, கனம் நீதிபதி அவர்களே. என் வாதத்தை நானே எடுத்துரைக்க அனுமதி வேண்டுகிறேன்."

பின்வரிசையில் யாரோ கனைத்தார்கள். தம்பியின் வழக்கறிஞர் பரசுராமன் மேலங்கியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "ஆட்சேபணை இல்லை, யுவர் ஆனர். பெட்டிஷனே செய்யுள் மாதிரி இருக்கு. வாதத்தையும் ராகம் போட்டுப் பாடுவாங்கன்னு நினைக்கிறேன்."

அவையில் சிரிப்பு எழுந்தது. நான் அது அடங்கும்வரை காத்திருந்தேன்.

"எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அவர்களுக்குச் செய்யுளுக்கும் உரைநடைக்கும் வேறுபாடு தெரியவில்லை. அதனால்தான் இறந்தவர் வீடு கொடுத்ததாக எழுதியிருக்கிறார்" என்றேன்.

இம்முறை சிரிப்பு வேறு பக்கமிருந்து வந்தது. நீதிபதி மேசையைத் தட்டினார். "ரெண்டு பேரும் விஷயத்துக்கு வாங்க."

ஆறாம் பத்தியையும் அடக்கச் சான்றையும் எடுத்துக் காட்டினேன். "ஐந்து மணிக்கு அடக்கமானவர் ஏழு மணிக்குக் கையைப் பற்றினார் என்பதை உண்மையென்று ஏற்க இயலுமா? வழக்குரை தன்னைத் தானே மறுக்கிறது. ஆகவே வழக்குமூலம் இல்லை" என்று முடித்தேன்.

நீதிபதி இரு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். புருவம் உயர்ந்தது. "மிஸ்டர் பரசுராமன், இதுக்கு என்ன சொல்றீங்க?"

பரசுராமன் பதறவில்லை. அவர் அதற்காகவே காத்திருந்தவர்போல் என் மனுவின் பிரமாணப் பத்திரத்தைக் கையில் எடுத்தார். "யுவர் ஆனர், இந்த அம்மாவே எழுதினது, பத்தி ஒன்பது. படிக்கிறேன். ‘வெள்ளி இரவு மஃரிபு தொழுகைக்குப் பின்னர் எதிர்மனுதாரராகிய என் தம்பி எங்கள் தந்தையின் கட்டிலருகே விருந்தினரைப்போல் சிறிது நேரம் அமர்ந்திருந்து, அன்றே பழவேற்காடு திரும்பினார். விடிந்தபின் முற்பகல் பதினொரு மணிக்கு எங்கள் தந்தை காலமானார்.’ அவர் இறந்தது வெள்ளிக்கிழமை முற்பகல். அப்படின்னா இவங்க எழுதின வெள்ளி இரவு எது? வியாழன் ராத்திரி! இவங்க சமூகத்துல அதைத்தான் வெள்ளி இரவுன்னு சொல்லுவாங்க. என் கட்சிக்காரரும் அப்படித்தான் சொன்னார். என் ஆபீஸ்ல தேதியை மாத்திப் போட்டுட்டாங்க. பிழை எங்களுது. ஆனா உண்மை தெரிஞ்சே இந்தம்மா அதைப் பிடிச்சுத் தொங்குறாங்க."

அந்த வாக்கியத்தை எழுதியவள் நான். பதினான்கு பக்கங்களையும் மூன்று முறை படியெடுத்தவள் நான். தம்பி வழக்குரையைப் படிக்கவில்லை என்று இகழ்ந்தவள் நான். என் பேனா, புத்தகத் தமிழில் எழுதுவதாக எண்ணிக்கொண்டு, எங்கள் வீட்டு நாளை எழுதியிருந்தது.

எதிர்ப்பக்கத்தில் தம்பி பல்லைக் காட்டினான். "இன்னா லாத்தா, பதினாலு பக்கம்!" என்றான், எனக்கு மட்டும் கேட்கும்படியாக.

நான் திரும்பி நீதிபதியை நோக்கினேன். "கனம் நீதிபதி அவர்களே, பதினோராம் விதியின்படி வழக்குரையை மட்டுமே பார்க்க வேண்டும். என் பிரமாணப் பத்திரத்தைப் பார்த்தல் கூடாது."

"சட்டம் சரியாத்தான் சொல்றீங்க" என்றார் நீதிபதி. "அதை நான் ஆதாரமா எடுத்துக்கல. ஆனா அவங்க தேதியைத் திருத்தணும்னு கேட்டா, நான் அனுமதிக்கலாமா வேணாமான்னு முடிவு பண்ணணும். அதுக்காகக் கேக்கறேன். நீங்களும் அதே வீட்டுல பிறந்தவங்க. உங்க வழக்கத்துல வெள்ளி இரவுன்னா எந்த நாள்?"

விடைகள் இரண்டு இருந்தன. வெள்ளிக்கிழமைக்குப் பின்வரும் இரவே வெள்ளி இரவு என்று நாட்காட்டியைச் சான்று காட்டி நான் சொல்லியிருக்கலாம். எந்தப் பாடநூலும் அவ்வாறே கூறும். அவ்விதம் சொன்னால் தம்பியின் வழக்குரை அங்கேயே வீழ்ந்திருக்கும். ஆனால் அவ்விதம் சொன்னால் என் ஒன்பதாம் பத்தி பொய்யாகும். நான் சத்தியம் செய்து ஒப்பமிட்ட வாக்கியம் பிழையாகும். என் வாக்கியம் சரியென்றால் தம்பியின் வாக்கியமும் சரி. ஒன்றைக் காத்து மற்றொன்றை அழிக்க வழியில்லை.

"வியாழக்கெழம சாயங்காலம்மா" என்றேன். அந்த அவையில் நான் வீட்டுப் பேச்சில் பேசியது அந்த ஒரு முறைதான். "மஃரிபு ஆயிட்டா எங்களுக்கு வெள்ளி பொறந்துரும்."

பரசுராமன் இரு கைகளையும் விரித்தார். "முடிஞ்சுது யுவர் ஆனர். தேதியைத் திருத்த அனுமதி குடுங்க. பெட்டிஷனைத் தள்ளுபடி பண்ணுங்க."

"முதல் காரணம் நிக்காது. தேதிப் பிழை திருத்தக்கூடியது" என்றார் நீதிபதி. "அம்மா, வேற ஏதாவது உண்டா?"

"உண்டு" என்றேன். வழக்குரையின் ஏழாம் பத்தியைப் புரட்டி எடுத்தேன். "வியாழன் என்றே வைத்துக்கொள்வோம். தந்தை உரைத்தார், வாதி ஏற்றார் என்றும் வைத்துக்கொள்வோம். வீட்டை எப்போது, எவ்விதம் ஒப்படைத்தார்? அது எந்தப் பத்தியில் உள்ளது? ஏழாம் பத்தியில் வாதி அன்றே பழவேற்காடு சென்றுவிட்டார். நான் முன்போலவே இருந்தேன் என்று அவரே எழுதுகிறார். தம் கைக்கு வராத வீட்டில் என்னை இருக்க அனுமதித்தாராம்! அதற்குப் பெருந்தன்மை என்று பெயராம்! ஒப்படைப்பு இல்லாத ஹிபா ஹிபாவே அன்று. மூன்று உறுப்புகளில் ஒன்று இல்லாத வழக்குரையில் வழக்குமூலம் இல்லை."

"யுவர் ஆனர், அனுமதிச்சார்னாலே வீட்டோட அனுபவம் அவர் கைல இருந்துதுன்னு பொருள்" என்றார் பரசுராமன். "விவரம் வேணும்னா அதையும் திருத்தத்துல சேர்த்துடறோம்."

"எதைச் சேர்ப்பீங்க?"

"சாவி குடுத்தார், வீட்டு வரி ரசீது குடுத்தார்... கட்சிக்காரர்கிட்ட கேட்டுச் சொல்றேன்."

"நீங்க கேட்க வேணாம். நானே கேக்கறேன். ஷேக் தாவூத், முன்னாடி வாங்க."

தம்பி கூண்டருகே வந்து நின்றான். பரசுராமன் அவனை நோக்கிக் கண்ணால் ஏதோ கூறினார். நீதிபதி அதனைக் கண்டு, "வக்கீல் சார் உக்காருங்க" என்றார்.

"உங்கப்பா அன்னிக்கு வீட்டை உங்க கைல எப்படி ஒப்படைச்சார்? சாவி, ரசீது, பத்திரம், ஏதாவது குடுத்தாரா? இல்ல, உங்க அக்காவையோ வேற யாரையோ கூப்பிட்டு, இனிமே இது இவன் வீடு, இவன் பேச்சைக் கேளுங்கன்னு சொன்னாரா? நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க."

சாவி கொடுத்தார் என்று அவன் ஒரு சொல் சொன்னால் போதும். நீதிபதி திருத்தத்துக்கு அனுமதியளித்துவிடுவார். வழக்கு சாட்சி விசாரணைக்குப் போய்விடும். எங்கள் வீட்டுக் கதவுக்குப் பூட்டே கிடையாது என்பதை நான் பல ஆண்டுகள் கழித்துத்தான் மெய்ப்பிக்க நேரும். மூன்று ஷிப்டுக்கும் சோறு போடும் வீட்டுக்கு எதற்குப் பூட்டு?

தம்பி என்னைப் பார்த்தான். பிறகு நீதிபதியைப் பார்த்தான்.

"கையப் புடிச்சிக்கினு சொன்னாரும்மா."

"சொன்னார், சரி. என்ன கொடுத்தார்?"

"அதாம்மா சொல்றேன். சொன்னாரு. எங்க வாப்பா சொன்னா சொன்னதுதான். அவரு சொன்னதுதான் குடுத்தது. அதுக்கு மேல இன்னா குடுக்கணும்?" அவன் குரல் உயர்ந்தது. "பெத்தவரு கட்டில்ல கெடக்கறாரு, அவராண்ட போயி ரசீதக் குடு, சாவியக் குடுன்னா கேப்பாங்க?"

பரசுராமன் நெற்றியில் கைவைத்துக்கொண்டார்.

தம்பி பொய் சொல்லவில்லை. அதை இங்கே எழுதிவைக்கிறேன், அவன் இதைப் படிக்கமாட்டான் என்றாலும். அன்றும் அவன்மீது எனக்கு இரக்கம் தோன்றவில்லை.

நீதிபதி ஆணையைச் சொல்லச் சொல்ல, தட்டச்சுப் பலகை ஒலித்தது. தேதியைக் குறித்த ஆட்சேபணை ஏற்கப்படவில்லை. தேதியைத் திருத்திப் படித்தாலும், சொத்து ஒப்படைக்கப்பட்டதாக வழக்குரையில் எங்கும் கூறப்படவில்லை. திருத்தத்தில் சேர்ப்பதற்கும் அப்படியொரு நிகழ்வு இல்லையென்பது வாதியின் வாய்மொழியாலேயே தெரிகிறது. ஆகவே ஏழாம் கட்டளை பதினோராம் விதியின்படி வழக்குரை நிராகரிக்கப்படுகிறது. உரிய வழக்குமூலம் இருப்பின் புதிதாக வழக்குத் தொடுக்க இந்த ஆணை தடையாகாது.

கோப்பு மூடப்பட்டது. அடுத்த வழக்கின் எண் கூப்பிடப்பட்டது. நான் கைகூப்பிவிட்டு, தாள்களை அடுக்கி, வெளியே வந்தேன்.

நடைக்கூடத்தில் தம்பியும் பர்ஹானாவும் வழிமறித்து நின்றார்கள். பரசுராமன், "மேல்முறையீடு பாத்துக்கலாம், பேஜாரு பண்ணாத, கெளம்பு" என்று அவன் தோளைத் தொட்டார். அவன் அந்தக் கையைத் தட்டிவிட்டான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஜட்ஜு இல்ல, வக்கீலு இல்ல. நீயும் நானுந்தான். வாப்பா சொன்னாரா இல்லியா?"

"சொன்னாரு" என்றேன்.

"உன் காதுல விழுந்துதா?"

"விழுந்துது. சொன்னாரு. குடுக்கல."

பர்ஹானா வாயைப் பொத்திக்கொண்டாள். "யா அல்லாஹ்! கேட்டுட்டே இந்தக் கூத்து ஆடினீங்களா?"

"நான் கேக்கலன்னு எந்தப் பக்கத்துல எழுதியிருக்கேன்? பதினாலு பக்கமும் இருக்குது, எடுத்துக் காட்டு."

"வாப்பா கண்ண மூடினப்புறம் அவரு வார்த்தைய விசாரணைல நிறுத்துறியே, நீயெல்லாம் பொண்ணா?" என்றான் தம்பி.

"விசாரணைல நிறுத்தினது நீ. நான் படிச்சுப் பாத்தேன், அவ்ளோதான். இந்தா பாரு, பாகம் கேட்டு வா. மூணு ரூம்ல ரெண்டு உன்னுது. அத நான் ஒருநாளும் இல்லன்னு சொன்னதில்ல. நாளைக்கே வந்து சொவரு எழுப்பிக்கோ. முழுசும் வேணும்னு வந்தா, இதே படிய நானும் ஏறுவேன்."

"உன்கூட ஒரே கூரைலயா? உன் அடுப்புப் பொகைல? வேணாம். இடிஞ்சு வுழட்டும் அந்த ஊடு. உம்மேலயே வுழட்டும்."

"வுழும்போது என் பங்குல மட்டும் வுழாது. உன் ரெண்டு ரூமும் சேந்துதான் வுழும்."

அவன் கை ஓங்கினான். நடைக்கூடத்தில் நின்றவர்கள் அனைவரும் திரும்பினார்கள். நான் நகரவில்லை. ஓங்கிய கை அந்தரத்தில் நின்று, பின் தாழ்ந்தது. அவன் காதுமடல்கள் கருஞ்சிவப்பாகியிருந்தன.

"இனி என் ஊட்ல நல்லது கெட்டதுக்கு நீ வரக்கூடாது. என் பசங்களுக்கு நீ மாமி இல்ல. நான் மவுத்தானாலும் என் மையத்து மொகத்தப் பாக்க வராத."

"சொல்லாத" என்றேன். "எழுதிக் குடு."

அவன் ஓரடி முன்னே வந்தான். அழைப்பாளர் சற்று முன்பு கூவி அழைத்ததைப் போலவே, ஒவ்வோர் எழுத்தாக, "பீவி ஜான்" என்றான். பிறந்தது முதல் லாத்தா என்றன்றி வேறெவ்வாறும் என்னை அவன் அழைத்ததில்லை. பிறகு மனைவியின் மணிக்கட்டைப் பற்றி இழுத்துக்கொண்டு படிகளில் இறங்கினான். வண்டி முடுக்கப்படும் ஓசை கேட்டது. நான் தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு, தொடர்வண்டி நிலையம் நோக்கி நடக்கத் தொடங்கினேன். வாயிலில் இருந்த கடிகாரத்தில் அப்போது பிற்பகல் மணி ஒன்று, நிமிடம் ஏழு.